வாசகர் கேள்வி பதில்: ஜேர்மனி போக நினைக்கிற தங்கச்சிக்கும் இன்னும் சிலருக்கும்

இந்த முறை வந்த கடிதங்களில் பல, திருநங்கைகளும் திருநம்பிகளும் வெளிநாடு போவது என்ற ஒரே அலுவலைப் பற்றியவை. ஆகவே காணிச் சண்டை, மாமியார் பிரச்சினை, பேரனுக்குப் படிப்பு ஏறாதது எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், அவர்கள் கோவிக்கக்கூடாது. கடிதம் எழுதியவர்களை ஊர் அடையாளம் பிடித்துவிடாதபடி சில விபரங்களை மாற்றித்தான் போடுகிறேன்.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் இருக்கிற திருநங்கை, வயது 27. கணக்கியலில் டிப்ளோமா முடித்துவிட்டு ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். டொக்டரிடம் காட்டி ஹார்மோன் எடுக்கிறேன், ஆனால் வேலைக்கு இன்னமும் சேட்டும் ஜீன்ஸும்தான் போட்டுப் போகிறேன். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போட் எல்லாவற்றிலும் பழைய பெயர். ஜேர்மனியில் சித்தியின் மகள் இருக்கிறா, வீட்டு ஆட்களில் அவவுக்கு மட்டும் என்னைப் பற்றித் தெரியும். ஒரு ஏஜென்சிக்காரர், “நீ இப்படியான ஆள் என்று சொல்லி அசைலம் அடித்தால் உடனே கார்ட் கிடைக்கும், இங்கே ஒரு பேப்பரும் மாற்றாதே, மாற்றினால் கேஸ் பழுதாய்ப் போய்விடும்” என்கிறார். இங்கே மாற்றிவிட்டுப் போவதா, அங்கே போய் மாற்றுவதா?
– பெயர் வேண்டாம், யாழ்ப்பாணம்

பதில்: தங்கச்சி, ஏஜென்சிக்காரர் சொன்னதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது, முழுப் பொய்யாக இருந்திருந்தால் நீங்களே அவரைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். உண்மையான பகுதி இது. பால்நிலை அடையாளத்தால் துன்புறுத்தப்படுகிற ஒருவர் அகதியாக ஏற்கப்படலாம், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 ஆம் ஆண்டுச் சட்டமே அதைக் கவனத்தில் எடுக்கச் சொல்கிறது. எங்கள் பக்கத்திலும் காரணத்துக்குக் குறைவில்லை. ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்குகிற தண்டனைச் சட்டக்கோவையின் 365 ஆம் பிரிவு 1883 இலிருந்து கிடக்கிறது, ஆள்மாறாட்டத்துக்கான 399 ஆம் பிரிவையும் வெள்ளைக்காரன் 1841 இல் எழுதி வைத்துவிட்டுப் போன அலைந்து திரிவோர் சட்டத்தையும் பொலிஸ் திருநங்கைகள் மேல் பாவித்திருக்கிறது. 365 ஐத் திருத்துகிற சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது, அதோடு சரி, பாராளுமன்றத்தில் அது நிறைவேறவில்லை.

பொய்யான பகுதி அந்த “உடனே”. அசைலம் கேட்டால் முதலில் காம்ப், பிறகு விசாரணை, பிறகு காத்திருப்பு, மறுத்தால் வழக்கு, திரும்பவும் காத்திருப்பு. அந்தக் காலம் முழுக்க ஒரு அறையை யாரோடு பகிர வேண்டும் என்பதைக்கூட நீங்கள் தீர்மானிக்க முடியாது. பழைய பெயரும் “ஆண்” என்பதும் பேப்பரில் இருந்தால் ஆண்கள் பக்கத்தில் போட்டுவிடுவார்கள், அதை மாற்றச் சொல்லித் தனியாகப் போராட வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. ஜேர்மனியில் 2024 நவம்பர் 1 இலிருந்து புதுச் சட்டம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது, சுயநிர்ணயச் சட்டம் என்று சொல்கிறார்கள். அதற்கு முதல் 1980 ஆம் ஆண்டுச் சட்டம், அதில் நீதிமன்றம் போய், இரண்டு நிபுணர்களிடம் அறிக்கை வாங்கி, அந்தரங்கம் எல்லாம் சொல்லித்தான் பெயரையும் பாலினத்தையும் மாற்றலாம். இப்போது பதிவு அலுவலகத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்னமே அறிவித்துவிட்டு, பிறகு நேரே போய் “நான் இன்னார்” என்று சொல்லிக் கையெழுத்து வைத்தால் போதும். டொக்டர் கடிதம் கேட்கமாட்டார்கள். இதைக் கேட்டால் எல்லாருக்கும் சந்தோஷமாக இருக்கும், பேஸ்புக்கிலும் இந்த அளவோடுதான் எழுதுகிறார்கள்.

ஆனால் அதே சட்டத்தில், வெளிநாட்டவர் என்றால் யாருக்கு இந்த வசதி என்று ஒரு வரி இருக்கிறது. நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர், நீடிக்கக்கூடிய வதிவிட அனுமதியோடு சட்டப்படி அங்கே இருப்பவர், உயர் தகைமையோடு வேலைக்குப் போகிறவருக்குக் கொடுக்கிற ஐரோப்பிய நீல அட்டை வைத்திருப்பவர், இவ்வளவு பேருக்குத்தான். அசைலம் கேட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறவருக்குக் கொடுக்கிற தாள் வதிவிட அனுமதி இல்லை, அது இந்தப் பட்டியலுக்குள் வராது. கேஸ் மறுக்கப்பட்டு, நாடுகடத்தலைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிற தாளும் வராது. அதே நேரம் தொழிற்பயிற்சிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ விசா எடுத்துப் போனவர் அங்கே எடுக்கிற அனுமதி வருடத்துக்கு வருடம் நீடிக்கிற வகை, ஆகவே அவர் இந்தச் சட்டத்தைப் பாவிக்கலாம். அகதியாக ஏற்கப்பட்ட பிறகு நீங்களும் பாவிக்கலாம்தான், ஆனால் ஏற்கப்படுகிற வரைக்கும், அதாவது எது உங்களுக்கு அதிகம் தேவையோ அந்தக் காலத்தில், பழைய பெயரோடுதான் இருக்க வேண்டும். ஏஜென்சிக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம், தெரிந்தும் சொல்லாமல் இருக்கலாம், எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதைத்தான் நான் இந்த விஷயத்தில் எழுதுகிற எல்லாருக்கும் சொல்வது. ஒரு நாட்டின் சட்டம் எவ்வளவு நல்லது என்று பார்க்க முதல், உங்கள் கையில் இருக்கப்போகிற விசா உங்களை அந்தச் சட்டத்துக்குள் விடுமா என்று பாருங்கள்.

அடுத்தது, அங்கே மாற்றினாலும் உங்கள் இலங்கைப் பாஸ்போட் மாறாது. இலங்கைப் பாஸ்போட் இலங்கைப் பிறப்புச் சான்றிதழின் பின்னால் போகிற சாமான். பிறப்புச் சான்றிதழை மாற்ற 2016 இல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டுக் கொண்டுவந்த பால்நிலை ஏற்புச் சான்றிதழ் வேண்டும், அதை இங்கேயுள்ள உளநல வைத்திய நிபுணர்தான் தருகிறார். அதை வைத்துத்தான் பதிவாளர் நாயகம் திணைக்களம் பதிவைத் திருத்தும். அங்கே போய் ஜேர்மன் பேப்பரில் ஒரு பெயர், பாஸ்போட்டில் இன்னொரு பெயர் என்று இருந்தால், வங்கியில் ஒரு முறை, விமான நிலையத்தில் ஒரு முறை, வாடகைக்கு வீடு பார்க்கும்போது ஒரு முறை என்று உங்கள் கதையை முன்பின் தெரியாத ஆட்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் ஏற்கனவே டொக்டரிடம் காட்டி ஹார்மோன் எடுக்கிறீர்கள், அதாவது பாதி வழி வந்துவிட்டீர்கள். அடுத்த தடவை போகும்போது “எனக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும், அதற்கு என்னென்ன காட்ட வேண்டும், எவ்வளவு காலம்” என்று நேரே கேளுங்கள், அவர் தானாகச் சொல்லுவார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆகவே என் பதில்: இங்கேயே மாற்றுங்கள். ஒழுங்கு முக்கியம். முதலில் அந்தச் சான்றிதழ், பிறகு பிறப்புச் சான்றிதழ், பிறகு தேசிய அடையாள அட்டை, பிறகு பாஸ்போட். பாஸ்போட்டுக்கு முந்தி மாதிரி கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, வவுனியாவிலும் செய்யலாம், இப்போது எங்கள் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகத்தில்) அலுவலகம் வந்துவிட்டது. ஆனால் கச்சேரியில் தெரிந்த முகம் யாராவது நிற்கும் என்று பயமாக இருந்தால் வவுனியாவுக்கே போங்கள், பஸ் காசு பெரிய காசில்லை.

அடையாள அட்டையில் ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. எங்கள் அடையாள அட்டை இலக்கத்திலேயே ஆணா பெண்ணா என்பது இருக்கிறது. பிறந்த நாள் வருடத்தின் எத்தனையாவது நாளோ அந்த எண் ஆணுக்கு அப்படியே வரும், பெண்ணுக்கு அதோடு 500 கூட்டி வரும். ஜனவரி 10 என்றால் ஆணுக்கு 010, பெண்ணுக்கு 510. பெயரையும் படத்தையும் மாற்றிவிட்டு இலக்கத்தைப் பழையபடி விட்டால், விஷயம் தெரிந்த எந்த வங்கி ஊழியரும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே இலக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். இலக்கம் மாறினால் வங்கிக் கணக்கு, சிம், ஊழியர் சேமலாப நிதி எல்லாம் பழைய இலக்கத்தில்தான் நிற்கும், ஒவ்வொன்றாகப் போய் மாற்ற வேண்டும். பழைய அட்டையின் பிரதியை எறிந்துவிடாதீர்கள், வெறுப்பாக இருந்தாலும் ஒரு உறையில் போட்டு வையுங்கள், இரண்டு இலக்கமும் ஒரே ஆள்தான் என்று காட்ட அது தேவைப்படும். சாதாரண தரம், உயர்தரம், டிப்ளோமா சான்றிதழ்களும் இதே மாதிரித்தான். ஜேர்மன்காரருக்கு முதலில் காட்டப்போவது இந்தப் படிப்புச் சான்றிதழ்களைத்தான், அதில் வேறு பெயர் என்றால் விசா விண்ணப்பத்திலேயே கேள்வி எழும்பும். அப்படி எழும்பினால் ஒளிக்க வேண்டாம், திருத்திய பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்து, ஒரு சின்ன விளக்கக் கடிதத்தோடு வையுங்கள். வெளிநாட்டு அமைச்சின் அத்தாட்சி முத்திரையும் யாழ்ப்பாணத்திலேயே எடுக்கலாம், அதற்கும் பிராந்திய அலுவலகம் கச்சேரியில்தான்.

“மாற்றினால் கேஸ் பழுதாகும்” என்கிறாரே, அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அரசாங்கமே சான்றிதழ் கொடுத்திருக்கிறதே, பிறகு உனக்கு என்ன ஆபத்து என்று ஒரு அதிகாரி கேட்கக்கூடும், அது நடக்கக்கூடியதுதான். ஆனால் சான்றிதழ் தண்டனைச் சட்டத்தை அழிப்பதில்லை, வீட்டில் அடிக்கிற அண்ணனை நிறுத்துவதுமில்லை. உண்மையிலேயே ஆபத்தில் இருக்கிற ஒருவருடைய கேஸ் பேப்பர் சரியாக இருப்பதால் பொய்யாகிவிடாது. நீங்கள் எழுதியதில் ஆபத்து என்று ஒன்றும் சொல்லவில்லை, இங்கே நீங்களாக வாழ இடம் போதவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அதுவும் பெரிய விஷயம்தான், நான் சின்னதாக்கவில்லை, ஆனால் அதற்குப் படிப்பு, வேலை என்று வேறு கதவு இருக்கிறது.

வேறு யாராவது இதை வாசித்து, தனக்கு உயிருக்கே ஆபத்து, அசைலம்தான் வழி என்றால், அவர்களுக்குச் சிலது சொல்கிறேன். முதல் விசாரணையிலேயே உங்கள் விஷயத்தைச் சொல்லுங்கள். வெட்கத்தில் முதலில் சொல்லாமல் விட்டார் என்பதை மட்டும் வைத்து ஒருவரை நம்பமுடியாது என்று தள்ளக்கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, அது ஓரினச்சேர்க்கையாளர் மூவரின் வழக்கு. அதே தீர்ப்பில்தான் அந்தரங்கப் படமோ வீடியோவோ ஆதாரமாக வாங்கக்கூடாது என்றும் இருக்கிறது, ஆகவே யாராவது “வீடியோ எடுத்துத் தா, கேஸுக்கு நல்லம்” என்றால் அவரோடு கதையை நிறுத்துங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குப் பயந்துதான் எங்கள் ஆட்கள் பாதிக் கதையை விழுங்குகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பால்நிலை விஷயங்களுக்கென்று பயிற்சி பெற்ற அதிகாரி வேண்டும் என்று ஜேர்மனியில் முன்கூட்டியே கேட்கலாம். நடுவில் அந்த ஆள் முகத்தைச் சுளித்தாலோ உங்கள் சொல்லை மாற்றிச் சொன்னாலோ அப்போதே சொல்லுங்கள், பிறகு சொன்னால் எடுபடாது.

ஏஜென்சி எந்த நாட்டுக்குள்ளால் கொண்டுபோகிறது என்பதும் உங்கள் கையில் இல்லை. கைரேகை முதலில் எங்கே விழுகிறதோ, அனேகமாக அந்த நாடுதான் உங்கள் கேஸைப் பார்க்கும். அது ஹங்கேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 2020 இல் பாலினத்தைப் பதிவில் மாற்றுகிற வழியையே சட்டம் போட்டு மூடிவிட்டார்கள். ஈரானிலிருந்து வந்த ஒரு திருநம்பி, அவர் திருநம்பி என்ற காரணத்துக்காகவே 2014 இல் அங்கே அகதியாக ஏற்கப்பட்டார், ஆனால் அகதிப் பதிவில் “பெண்” என்றே எழுதிவைத்தார்கள். அதைத் திருத்த அவர் ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டி வந்தது, 2025 மார்ச்சில்தான் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

காசைப் பற்றி. பல்கலைக்கழகப் படிப்பு என்றால் முடக்கப்பட்ட கணக்கில் ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், எங்கள் காசில் நாற்பது லட்சம் ரூபாய் அளவில். அது உங்கள் சொந்தக் காசாகவே இருக்கும், மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும், ஏஜென்சிக்குக் கொடுத்தால் திரும்பி வராது. அவ்வளவு காசு இல்லையென்றால் தொழிற்பயிற்சியைப் பாருங்கள், அங்கே அவுஸ்பில்டுங் என்று சொல்வார்கள். ஜேர்மன் மொழி பி1 என்கிற நடுத்தர மட்டம் வேண்டும், ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் வேண்டும், மாதச் சம்பளம் தருவார்கள். தாதியர் பயிற்சியில் அரச வைத்தியசாலை என்றால் முதல் வருடமே வரிக்கு முன் 1,300 யூரோவுக்கு மேல். சம்பளம் செலவுக்குப் போதுமென்றால் அந்த முடக்கிய கணக்கும் தேவைப்படாது. கணக்கியல் படித்தவர் என்றால் அலுவலக வேலைப் பயிற்சிகளும் இருக்கின்றன, ஆனால் அதற்கு மொழி இன்னும் கூடவே வேண்டும், எழுத்தில் பிழை விடக்கூடாது. யாழ்ப்பாணத்தில் இப்போது சந்திக்குச் சந்தி ஜேர்மன் வகுப்பு. பேப்பர் மாறுகிற காலத்தில் நீங்கள் மொழியைப் படியுங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம். பரீட்சைக்குப் பெயர் கொடுப்பதை மட்டும் கொஞ்சம் பொறுங்கள், புதுப் பெயர் பாஸ்போட்டில் வந்த பிறகு எழுதினால் அந்தச் சான்றிதழாவது சரியான பெயரில் இருக்கும்.

சித்தியின் மகளைப் பற்றி ஒன்று. அவ நல்லவவாகவே இருக்கட்டும். ஆனால் அவவின் வீட்டில் பதிந்து, அவவின் புருஷனின் தயவில் இருந்து தொடங்கினால், நீங்கள் எந்த உடுப்போடு கோயிலுக்கு வருவது என்பது அவர்கள் குடும்பப் பிரச்சினையாகிவிடும். ஒரு கிழமை நின்று சாப்பிட்டு ஆறிவிட்டு, உங்கள் பெயரில் ஒரு அறைக்குப் போங்கள், சின்ன அறை என்றாலும்.

கேள்வி: நானும் அதே மாதிரித்தான், ஆனால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அம்மாவும் அப்பாவும் சுவிஸில் இருந்து ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறார்கள். கட்டிக்கொண்டு அங்கே போய், விசா கிடைத்த பிறகு உண்மையைச் சொல்லிப் பிரியலாம் என்று யோசிக்கிறேன். இதில் என்ன பிழை?
– வடமராட்சி

பதில்: அந்தப் பெண் என்ன பிழை செய்தா என்று முதலில் சொல்லுங்கள். உங்களுக்கு மூச்சு முட்டுகிறது என்று எனக்கு விளங்குகிறது, அதற்காக இன்னொரு பிள்ளையின் வாழ்க்கையை விமான ரிக்கெற்றாகப் பாவிக்க முடியாது. நியாயத்தை விடுங்கள், கணக்காகப் பார்த்தாலும் இது நட்டம். சுவிஸில் கலியாணத்தால் கிடைக்கிற அனுமதி, சேர்ந்து வாழ்கிற வரைக்கும்தான். பிரிந்த பிறகும் அது உங்களுக்கு நிலைக்க வேண்டுமென்றால் பொதுவாக அந்தக் கலியாணம் அங்கே மூன்று வருடமாவது நிலைத்திருக்க வேண்டும், மொழி, வேலை என்று அந்த நாட்டோடு ஒட்டியும் இருக்க வேண்டும். அதாவது மூன்று வருடம் ஒரு மாப்பிள்ளையாக நடிக்க வேண்டும், அவவின் சொந்தக்காரர் வீட்டுக் கொண்டாட்டங்களில் கோட் சூட்டோடு நிற்க வேண்டும், பிள்ளை எப்போது என்று கேட்பார்கள். இங்கே வடமராட்சியில் நடிப்பதை விட அது பாரம்.

சுவிஸில் 2022 ஜனவரி 1 இலிருந்து பதிவு அலுவலகத்தில் போய் 75 பிராங்க் கட்டி வாயால் சொன்னாலே பாலினம் மாறும், அதைக் கேள்விப்பட்டுத்தான் இந்த யோசனை வந்ததோ தெரியவில்லை. அந்த மேசைக்கு முன்னால் உண்மையான வழியில் போய் நில்லுங்கள். பொம்பிளை வீட்டாருக்கு “இப்போது கலியாணம் வேண்டாம்” என்று மட்டும் சொல்லுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை, ஆனால் இந்த மாதமே சொல்லுங்கள். மண்டபம் பதிந்த பிறகு சொல்வது இரண்டு குடும்பத்துக்கும் கொடுமை.

கேள்வி: ஐயா, எந்த நாடு நல்லது? ஒரே வரியில் சொல்லவும்.
– கொக்குவில்

பதில்: ஒரு வரியில் கேட்டால் மால்டா, இப்படியான ஆட்களின் சட்ட உரிமைகளை வைத்து ஐரோப்பிய அமைப்புகள் வருடா வருடம் போடுகிற வானவில் வரைபடத்தில் 2025 வரைக்கும் பத்து வருடமாக அதுதான் முதலிடம். அங்கே உங்களுக்கு யாரைத் தெரியும், என்ன வேலை, எந்த விசா என்று கேட்டால் முழிப்பீர்கள். லண்டனை எல்லாரும் கேட்கிறீர்கள், மொழி தெரியும் என்பதால். அங்கே சமத்துவச் சட்டத்தில் “பெண்” என்றால் உயிரியல்படி பெண் என்று 2025 ஏப்ரலில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது, அரச வைத்தியசாலையில் பால்நிலை மருத்துவத்துக்கு முதல் தவணை கிடைக்கவே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பார்த்தீர்களா, ஒரு வரி போதவில்லை.

கேள்வி: என் பிள்ளை, மகளாகப் பிறந்தவர், இப்போது மகனாக இருக்கிறார். 24 வயது. நோர்வேயில் மேற்படிப்புக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. ஒஸ்லோவில் என் தமக்கை குடும்பம் இருக்கிறது. அவர்கள் வீட்டில் விடலாமா? அங்கே இவரை ஏற்றுக்கொள்வார்களா? நான் அவரை ஊரில் வைத்திருக்கவும் பயம், அனுப்பவும் பயம்.
– ஒரு தாய், தென்மராட்சி

பதில்: அம்மா, “மகனாக இருக்கிறார்” என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய பலம் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இந்தப் பகுதிக்கு எழுதுகிற பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் ஒரு ஆள்கூட இப்படி இல்லை.

நோர்வே இந்த விஷயத்தில் நல்ல இடம். 2016 ஜூலையிலிருந்து அங்கே பதிவில் வதிபவராக உள்ள ஒருவர் தானே விண்ணப்பித்துப் பாலினத்தை மாற்றலாம், டொக்டர் கேள்வி இல்லை. எங்கள் அடையாள அட்டை மாதிரியே அவர்களுடைய ஆள் இலக்கத்திலும் ஆண் பெண் வித்தியாசம் இருக்கிறது, பெண்ணுக்கு இரட்டை எண், ஆணுக்கு ஒற்றை எண், பாலினம் மாறினால் புது இலக்கம் கொடுக்கிறார்கள். ஆகவே வங்கிக் கணக்கு திறக்கிறது, வாடகை ஒப்பந்தம் எழுதுகிறது எல்லாவற்றையும், முடிந்தால், அந்த இலக்கம் மாறின பிறகு செய்யச் சொல்லுங்கள், இரண்டு தரம் அலையத் தேவையில்லை. செலவுதான் கடுமை. 2023 இலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்குகின்றன, முந்தி இலவசம் என்று யாரும் சொன்னதை நம்பிப் போக வேண்டாம்.

தமக்கை வீட்டைப் பற்றி நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும், நான் உங்களுக்குச் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையை ஏற்றி அனுப்பிவிட்டு அவர்களாக விமான நிலையத்தில் கண்டுபிடிக்கட்டும் என்று விடாதீர்கள். இப்போதே வட்ஸ்அப்பில் எடுத்து, சுற்றி வளைக்காமல், “இவர் இப்போது என் மகன், பெயர் இது, அப்படித்தான் கூப்பிட வேண்டும்” என்று நீங்களே சொல்லுங்கள். தாய் சொல்வதும் பிள்ளை தானே போய்ச் சொல்வதும் ஒன்றல்ல. தமக்கை எப்படிப் பதில் சொல்கிறா என்று பாருங்கள். தயங்கினால், அழுதால் பரவாயில்லை, கால அவகாசம் கொடுக்கலாம். “இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு மரியாதை இருக்கிறது” என்று தொடங்கினால் மாணவர் விடுதியைப் பாருங்கள், விருந்துக்கு மட்டும் போய் வரட்டும். உண்மையில், தமக்கை நல்ல மாதிரி என்றாலும் விடுதிதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். ஐரோப்பாவில் எங்கள் சனம் ஒரு நகரத்தில் ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடை என்று சுற்றிச் சுற்றி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருக்கிற சனம், சாவகச்சேரிச் சந்தையில் ஒரு கதை பரவுகிற வேகத்தை விட அங்கே வேகம் கூட. அவருடைய கதையை எப்போது, யாருக்குச் சொல்வது என்பது அவர் கையில் இருக்கட்டும்.

ஊரில் ஆட்கள் கேட்டால் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். “மகன் நோர்வேயில் படிக்கிறான்” என்று சொல்லுங்கள். “உங்களுக்கு மகள்தானே” என்று கேட்கிறவருக்கு விளக்கம் கொடுக்க வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை.

கேள்வி: ஹார்மோன் மாத்திரை கொண்டு போகலாமா? டுபாய்க்குள்ளால் போகிற ரிக்கெற்தான் மலிவு.
– பெயரில்லை

பதில்: கொண்டு போகலாம். மாத்திரையை அதன் பெட்டியோடு, டொக்டரின் ஆங்கிலக் கடிதமும் மருந்துச் சீட்டும் சேர்த்துக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டி எங்காவது தவறிவிடும். இரண்டு மூன்று மாதத்துக்குப் போதுமானது எடுங்கள், அங்கே முதல் டொக்டரைப் பிடிக்க அவ்வளவு காலம் எடுக்கும். டெஸ்டோஸ்டெரோன் ஊசி என்றால் கூடக் கவனம், பல நாடுகளில் அது கட்டுப்பாட்டு மருந்து, வளைகுடாவிலும் அப்படித்தான்.

டுபாய், அபுதாபி, டோஹா மாறிப் போகிறதில் விமான நிலையத்துக்குள் இருக்கிற வரைக்கும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. வெளியே போகாதீர்கள். விமானம் பிந்தி ஹோட்டல் தந்தாலும் யோசியுங்கள். 2017 இல் அபுதாபியில் ஒரு கடைத்தொகுதிக்குள் வைத்து சிங்கப்பூரைச் சேர்ந்த இருவரைப் பிடித்தார்கள், ஒருவர் திருநங்கை. உடுப்பும் நடையும் பெண் மாதிரி என்று ஒரு வருடச் சிறை, மேன்முறையீட்டில்தான் நாடுகடத்தலோடு விட்டார்கள். பாஸ்போட்டில் இன்னும் “ஆண்” என்று இருந்தால் இதில் மிச்சம் பிடிக்கிற பத்தாயிரம் ரூபாய் பெறுமதியில்லை, இஸ்தான்புல் பக்கத்தால் போங்கள்.

அப்புறம், உங்கள் மாத்திரைப் பெட்டியில் சைப்ரோட்டெரோன் (ஆண் ஹார்மோனை அடக்குகிற மருந்து) என்று இருக்கிறதா என்று பாருங்கள். கூடிய அளவில் நெடுங்காலம் எடுத்தால் மூளையைச் சுற்றியுள்ள உறையில் கட்டி வரக்கூடும் என்று 2020 இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் எச்சரித்துக் கட்டுப்பாடு போட்டது. அரிதாகத்தான் வரும், பயந்து நீங்களாக நிறுத்த வேண்டாம், அங்கேயுள்ள டொக்டர் அளவைக் குறைத்தாலோ வேறு மருந்து மாற்றினாலோ ஏன் என்று தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள், பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விட்டோம், வந்த பிள்ளை திருநங்கை என்று பிறகுதான் தெரிந்தது. நல்ல பிள்ளை, வாடகை தவறாது. ஆனால் லாச்சப்பலில் கடை வைத்திருக்கிற எங்கள் ஆட்கள் “ஏன் இப்படியான ஆட்களை வைத்திருக்கிறீர்கள்” என்கிறார்கள். எழும்பச் சொல்லவும் மனம் வரவில்லை.
– பாரிஸ் வாசகி

பதில்: மனம் வரவில்லை என்றால் சொல்ல வேண்டாம், அவ்வளவுதான். லாச்சப்பல் கடைக்காரர் உங்கள் வீட்டு வாடகையைக் கட்டுகிறாரா? அந்தப் பிள்ளையைப் பற்றி அவர்களுக்கு எப்படித் தெரிய வந்தது என்றுதான் எனக்கு யோசனை, உங்கள் வீட்டு ஆட்கள் யாராவது சொல்லியிருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள்.

அவர் அங்கே அகதியாக ஏற்கப்பட்டவர் என்றால் பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலான பத்திரங்களை அகதிகள் அலுவலகம் ஒஃப்ராதான் கொடுத்திருக்கும், அதில் பழைய பெயர் இருக்கக்கூடும். பிரான்ஸில் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாலினம் மாற்ற நீதிமன்றம் போக வேண்டும், ஆனால் சத்திரசிகிச்சை செய்தாயா, வைத்தியம் எடுத்தாயா என்று காரணம் காட்டி மறுக்க முடியாது. அதுவரைக்கும் தபால் பெட்டியில் இரண்டு பெயரையும் எழுதி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் முக்கியமான கடிதம் திரும்பிப் போய்விடும். வாடகைப் பற்றுச்சீட்டை மாதாமாதம் எழுதிக் கொடுங்கள், கேட்டால் கொடுக்க வேண்டியது அங்கே சட்டம், நீங்கள் கேட்காமலே கொடுங்கள். கார்ட் புதுப்பிக்கவும் நாளைக்குச் சொந்தமாக ஒரு வீடு எடுக்கவும் அவர் கையில் இருக்கப்போகிற விலாச ஆதாரம் அதுதான்.